கரண்டு தூக்கிய கால்

எனக்குப் பக்கவாதம் வந்தது யோங் பெங் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது. இடது கை மேசையிலிருந்து வழுக்கி விழுந்தது. தே தாரிக் டீக் கிளாசும் அதோடு போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தேன். இடது பக்கத்தை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேச வாய் திறந்தால் சொல் குழறியது.

கடையில் இருந்த எல்லாருக்கும் என்னைத் தெரியும். கல்லாவில் இருந்தவர், "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான் பாரு" என்றார். இரண்டு பேர் என்னைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, தெளியட்டும் என்று விட்டுவிட்டார்கள். நான் குடியை விட்டு வெகு காலமாகியிருந்தது. அதைச் சொல்வதற்கான வாய்தான் கோணிக்கொண்டிருந்தது. நம் ஆள் ஒருவன் காலையில் நாக்குக் குழறி விழுந்தால் அதற்கு நம் ஆட்களிடமே ஒரே காரணம்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஒரு மலாய்ப் போலீஸ்காரர் என் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அதுவரை அந்தச் சுவரோரம்தான் கிடந்தேன். என் லாரி வெளியே வெயிலில் செம்பனைக் குலைகளோடு நின்றுகொண்டிருந்தது.

பத்து பாகாட் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி போட்டிருக்கலாமாம். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோல் சொன்னார்.

கை மெல்ல மெல்லத் திரும்பியது. வாய் நேரானது. இடது காலும் தொடையிலிருந்து கணுக்கால் வரை பலம் பிடித்துவிட்டது. பாதம் மட்டும் வரவில்லை. காலைத் தூக்கினால் பாதம் கயிற்றில் கட்டிய மீன்போல் முன்பக்கம் தொங்கியது. நடந்தால் பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். வாசல் மிதியடி தடுக்கும். செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியாமல் நான் நாலைந்து எட்டு போயிருப்பேன்.

ஒரு மனிதனுக்கு இது பெரிய குறை இல்லை என்று பலர் சொன்னார்கள். கம்பு ஊன்றி நடக்கலாம், கடைக்குப் போகலாம், கோவிலுக்குப் போகலாம். அவர்களுக்கு நான் என்ன வேலை செய்தேன் என்பது மறந்துவிட்டது. இடது கால் கிளட்ச் கால். மிதிப்பது சுலபம், தொடை பலத்தில் மிதித்துவிடலாம். மிதித்துவிட்டு எடுக்கவேண்டும். தொங்கும் பாதம் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். மலைச்சரிவில் ஏற்றிய லோடோடு இறங்கும்போது அப்படி ஒரு தடவை மாட்டினால் போதும். ஆகவே எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பாதம் ஒரு தீப்பெட்டி உயரம் மேலே வருவது. வந்தால் லாரி. வராவிட்டால் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று நான் சொல்வது கணக்குப் பார்த்துத்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தேன். இடைநிலைப் பள்ளியில் மலாய்ப் பாடம் மண்டையில் ஏறவில்லை, ஓடிவிட்டேன். தங்காக்கில் ஒரு துணிக்கடையில் பண்டல் சுமந்தேன். அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டினேன். பேருந்து கழுவுமிடம், கோழிப்பண்ணை, கல்லுடைப்பு எல்லாம் பார்த்தாயிற்று. எந்த இடத்திலும் என் துணிப்பையை அலமாரியில் வைத்ததில்லை. ஒரு கல்யாணம் நடந்து அதுவும் நிற்கவில்லை. அந்தப் பெண் மேல் குற்றம் இல்லை. லாரி மட்டும்தான் என்னை நிறுத்திவைத்தது, ஏனென்றால் லாரியில் உட்கார்ந்தபடியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்துப்போக வேறு ஆள் இல்லாததால் தங்கச்சி வந்தாள். யோங் பெங்கில் அவளுக்கு ஒரு மலிவு விலை வீடு. கூடத்தில் சோபாவை நகர்த்தி எனக்கு ஒரு கட்டில் போட்டார்கள். அவள் வீட்டுக்கு நான் அதுவரை தீபாவளிக்குத் தீபாவளி வந்ததோடு சரி, சில வருடம் அதுவும் இல்லை. அவள் முகத்தில் பாசமும் இருந்தது, பிடிபட்ட கோழியைப் பார்ப்பதுபோல் ஒரு திருப்தியும் இருந்தது. இனி எங்கே ஓடுவாய் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவள் புருஷன், என் மாப்பிள்ளை, ஊரில் ஒரு டயர், பேட்டரிக் கடையில் தலைமை ஆளாக இருந்தார். செத்த பேட்டரியைத் திரும்ப உயிர்ப்பிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று லாரிக்காரர்கள் எல்லாம் சொல்வோம். நானே எத்தனை தடவை அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். நல்ல மனிதர்தான். தனக்குத் தெரிந்ததை வைத்தே எல்லாவற்றையும் அளப்பார். எல்லாரும் அப்படித்தான்.

கரண்டு சிகிச்சை ஆஸ்பத்திரியில் தொடங்கியது. உடற்பயிற்சி சிகிச்சை அறையில் ஒரு மலாய்ப் பெண், தலையில் துடோங் முக்காடு, எனக்கு மகளாக இருந்திருக்கக்கூடிய வயது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓர் எலும்பு முட்டு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு பசை ஒட்டு, முன்காலில் எலும்பை ஒட்டி இன்னொன்று. இரண்டிலிருந்தும் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். அவள் குமிழைத் திருப்பினாள். முதலில் எறும்பு ஊறியது. பிறகு ஊசி. பிறகு முன்கால் சதை உள்ளே யாரோ பிடித்து இழுத்ததுபோல் இறுகி, பாதம் எழுந்தது. என் பாதம்தான். விரல்கள் கூரையைப் பார்த்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கரண்டு ஓய்ந்ததும் பொத்தென்று விழுந்தது. மறுபடி எழுந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. தங்கச்சி பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் கோலாலம்பூர் வரை போய், தூரத்துச் சொந்தங்கள் எல்லாம் முருகா முருகா என்று பதில் போட்டிருந்தார்கள். என் முகம் அதில் இல்லை, கால் மட்டும்தான். என் வாழ்க்கையில் என்னை இத்தனை பேர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அந்த மலாய்ப் பெண் ஒவ்வொரு தடவை கரண்டு வரும்போதும் "அங்காட், அங்கிள், அங்காட்" என்பாள். தூக்குங்கள் என்று மலாயில். நான் தலையாட்டுவேன். பஸ் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் போ போ என்று தட்டுவாரே, அப்படி ஓர் உற்சாகத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கால்தான் தூங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தானாக எழுந்துகொண்டிருக்கிறதே, இதில் நான் தூக்க என்ன இருக்கிறது. இருந்தாலும் அவள் பக்கத்தில் இருக்கும்போது மரியாதைக்கு முகத்தைச் சுருக்கிக் கொஞ்சம் முயற்சி செய்வேன்.

ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு முறைதான் நேரம் கிடைத்தது. கூட்டம் அப்படி. மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் எந்தப் பேட்டரி நிற்கும் என்றார். ஆன்லைனில் தேடி அதே மாதிரி ஒரு பெட்டி வரவழைத்தார். கை அகலம், நாலு ஒயர், ஒரு பை நிறைய ஒட்டுகள். பிரித்துப் பார்த்து, எழுதியிருந்ததைத் தலைகீழாகப் படித்து, ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி இடம் கண்டுபிடித்தார். முதல் நாள் பாதம் மேலே வராமல் வெளிப்பக்கம் திருகியது. ஒட்டை ஒரு விரல் நகர்த்தினார், நேராக எழுந்தது. உடனே கடையில் டயரில் குறி போடும் மெழுகுப் பென்சிலை எடுத்து என் காலில் இரண்டு வட்டம் வரைந்துவிட்டார். குளித்தால் அழிந்துவிடும் என்று தினமும் காலையில் மறுபடி வரைவார். வேலைக்குப் போகும் அவசரத்திலும் அதை மறந்ததில்லை. அந்த அக்கறையை நான் மறுக்கமுடியாது.

நான் ஆஸ்பத்திரியில் செய்ததுபோல் முகத்தைச் சுருக்கிக் காலை இழுக்கப் பார்த்தேன். அவர் தடுத்தார்.

"என்ன செய்றீங்க மச்சான்? பேட்டரிக்கு சார்ஜ் போட்டுருக்கறப்ப எஞ்சின ஸ்டார்ட் பண்ணுவீங்களா?"

"இல்ல."

"அப்புறம்? சும்மா கெடங்க. ஏத்தறத அது ஏத்தட்டும். எல்லாம் ஏறுனதுக்கப்புறம் நீங்க ஓட்டுவீங்க."

முப்பது வருட லாரிக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் ஒன்றைச் சொல்லமுடியாது. அந்த மலாய்ப் பெண் சொன்ன அங்காட் ஒரு காதில் போய் மறு காதில் வந்தது. பேட்டரி என்ற சொல் நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப்போன கால். ஏற்றினால் ஏறும். நிறைய ஏற்றினால் சீக்கிரம் ஏறும்.

அன்றிலிருந்து காலையும் மதியமும் சாயங்காலமும் கட்டிலில் கிடந்தேன். தொலைக்காட்சியில் நாடகம் ஓடும். அழும் பெண்கள் ஒருபக்கம், எழுந்து விழும் என் கால் ஒருபக்கம். கொஞ்ச நாளில் நான் இரண்டையுமே பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்தக் கால் ஒரு மேசை மின்விசிறிபோல் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒட்டுகள் பசை போகாமல் இருக்கத் தங்கச்சி அவற்றைக் குளிர்ப்பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைப்பாள். சில்லென்று ஒட்டும், மெல்ல என் காலில் கறிவேப்பிலை வாசம் வரும். மாப்பிள்ளை வாரத்துக்கு வாரம் குமிழை ஏற்றினார். ஒரு முறை ஒட்டுக்கு அடியில் தோல் சிவந்து கொப்புளித்தது. மஞ்சள் தடவி, வட்டத்தை அரை விரல் நகர்த்தி வரைந்தார்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்சி நடக்கும். அடுத்த வீட்டுக்காரர் தன் இடுப்புக்கும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, போட்டதும் துள்ளி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. தங்கச்சி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

ஆஸ்பத்திரிப் பெண் ஒவ்வொரு வாரமும் ஒட்டைக் கழற்றிவிட்டு, கரண்டு இல்லாமல் ஒரு தடவை தூக்கச் சொல்வாள். ஒன்றும் நடக்காது. அவள் கையை என் முன்காலில் வைத்துச் சதை ஏதாவது துடிக்கிறதா என்று காத்திருப்பாள். வீட்டில் செய்கிறீர்களா என்று கேட்பாள். மணிக்கணக்காகச் செய்கிறேன் என்பேன். உண்மைதானே. நல்லது, விடாதீர்கள் என்பாள். எப்படிச் செய்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

லாரி முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஆறேழு லாரிகள், எல்லாம் தோட்டங்களிலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றுபவை. என் லாரியைச் சா'ஆ ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் நிரந்தரமாகக் கொடு, இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறேன் என்று நெருக்கத் தொடங்கியிருந்தான். தவுக்கே எனக்குப் போன் செய்தார். குளிக்கப் போயிருந்தேன், தங்கச்சி எடுத்துவிட்டாள். அண்ணனுக்குக் கால் நன்றாகத் தூக்குகிறது என்று சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் படத்தையும் அனுப்பினாள். பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. படத்தில் கால் தூக்கியது.

தவுக்கே தீபாவளிக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை சா'ஆக்காரனை நிறுத்திவைப்பதாகவும் சொன்னார். இதை அவர் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. நான் அவரிடம் ஒரு லோடுகூடக் கவிழ்த்ததில்லை, அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு எங்கள் பக்கத்தில் வீட்டைத் திறந்து வைப்பது வழக்கம். சீனர், மலாய்க்காரர், வேலையிடத்து ஆட்கள், அக்கம்பக்கம், யாரும் வரலாம், வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தங்கச்சி வீட்டில் அன்று கூடாரம் போட்டு வாசல் வரை நாற்காலி. ஆட்டுக்கறி, கோழி, மலாய்க்காரர்களுக்கு என்று ஹலாலாக வெளியே சமைக்கக் கொடுத்த சாப்பாடு, தட்டுத் தட்டாக முறுக்கு. எனக்குப் புதுச் சட்டை, புது நீளக் கால்சட்டை. கட்டிலை எடுத்துவிட்டு சோபாவைப் பழைய இடத்தில் போட்டிருந்தார்கள். நான் அதில் கல்யாண மாப்பிள்ளையைப்போல் உட்கார்ந்திருந்தேன்.

தவுக்கே மதியம் வந்தார், கையில் ஒரு பெட்டி ஆரஞ்சு பானம். என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மெலிந்துவிட்டாய் என்றார். லாரியின் பின் டயரை மாற்றியதைச் சொன்னார். நான் ஆலைச் சாலையில் அந்தப் பாலம் சரியாயிற்றா என்று கேட்டேன். இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அந்தப் பேச்சு அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாப்பிள்ளை கரண்டுப் பெட்டியோடு வந்துவிட்டார்.

என் புதுக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். மெழுகு வட்டங்களில் ஒட்டை ஒட்டினார். சுற்றி நின்றவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். குமிழைத் திருப்பியதும் பாதம் விறைப்பாக எழுந்தது. அன்று அவர் வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றியிருந்தார், எனக்குப் பல் கூசியது, முகத்தில் காட்டவில்லை. ஒரு பெண்மணி கைதட்டினாள். தவுக்கே முறுக்கைக் கடித்துக்கொண்டே காலையே பார்த்தார். அது எழுந்தது, விழுந்தது, எழுந்தது. அவர் முறுக்கை மென்று விழுங்கும் வரை காத்திருந்தார். பிறகு கையைத் தட்டி மாவை உதிர்த்துவிட்டு, மலாயில், என்னைப் பார்த்து இல்லை, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

"அத அடைச்சிடு." பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப, அங்காட்."

மாப்பிள்ளை அணைத்தார். நான் தூக்கினேன். உடம்பில் எங்கெங்கே பலம் இருந்ததோ அங்கிருந்தெல்லாம் தூக்கினேன். கழுத்து நரம்பு புடைத்தது, வலது கை முட்டி மடங்கியது, தொடை எழுந்து காலே சோபாவை விட்டு மேலே வந்துவிட்டது. பாதம் அதன் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. லாரிக்காரர் ஒருவருக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. தவுக்கேயும் இளவயதில் லாரி ஓட்டியவர்தான்.

"இன்னும் கொஞ்சம் சார்ஜ் வேணும் தவுக்கே" என்றார் மாப்பிள்ளை.

தவுக்கே சரி, பரவாயில்லை, ஓய்வெடு என்றார். என் சுருட்டிய கால்சட்டையை அவரே குனிந்து கீழே இழுத்துவிட்டார். அதுதான் என்னை அடித்தது. பிறகு எழுந்து ஆட்டுக்கறி போட்டுக்கொண்டு சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று தங்கச்சியிடம் சொன்னார், வந்திருந்த குழந்தைகளுக்குப் பண உறை கொடுத்தார், கிளம்பினார். அந்த வாரமே சா'ஆக்காரனுக்கு லாரி எழுதியாயிற்று.

விருந்தினர் எல்லாம் போனபிறகு வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பேட்டரியை மாற்றினார், சும்மா இருந்த ஒயரைத் துடைத்தார். அவர் மிஷினில் குறை இருக்கிறது என்று நம்பத் தயார். பிறகு வேறு ஒன்றை நம்பத் தொடங்கினார். மிஷின் போட்டால் தூக்குகிற கால், அணைத்தால் ஏன் தூக்காது? ஆள் தூக்க நினைக்கவில்லை. அதை என்னிடம் சொல்லவில்லை, சமையலறையில் தங்கச்சியிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. சோம்பிப்போய்விட்டார், கட்டில் சுகம் கண்டுவிட்டார்.

அடுத்த நாள் தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் பேசினாள்.

"அவரு தினம் காலையில ஒங்க கால்ல கோடு போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனாரு. யாரு செய்வா, சொல்லுங்க?"

ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒங்களுக்கு ஒரு எடத்துல நிக்கவும் வராது. இப்ப எந்திரிச்சி நடக்கவும் மனசு வரல. எங்க மானந்தான் போச்சி அண்ணே."

சும்மா கிடங்க என்று சொன்னது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெருந்தன்மையால் இல்லை. அப்போது எனக்கே தெரியாது, அந்த சும்மா கிடப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று.

அது தெரிந்தது அடுத்த வாரம். ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன், லாரி போனதைச் சொன்னேன். இத்தனை மாதம் ஏற்றியும் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். ஏற்றுவதா என்று கேட்டாள். பேட்டரிக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையிலிருந்த ஒட்டைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காலில் எதுவும் இறங்கிப்போகவில்லை, கால் நன்றாக இருக்கிறது, தலையிலிருந்து காலுக்கு வரும் வழிதான் அடைந்திருக்கிறது என்றாள். நீங்கள் தூக்க நினைக்கும் அதே நொடியில் கரண்டு தூக்கிக் கொடுத்தால், தலை மெல்ல வேறு வழி கண்டுபிடிக்கப் பார்க்கும். நினைக்காமல் கிடந்தால் பெட்டிதான் தூக்குகிறது, தலைக்கு அதில் வேலையே இல்லை. சதை மெலியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். இதைத்தான் முதல் நாளிலிருந்து அங்காட் அங்காட் என்று சொன்னேன், அங்கிள் என்றாள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். முதலிலிருந்தே அப்படிச் செய்திருந்தால் தீபாவளிக்குத் தூக்கியிருக்குமா?

அவள் யோசித்தாள். "தெரியாது" என்றாள். "சிலருக்கு வரும். சிலருக்கு எவ்வளவு செய்தாலும் வராது. முதல் மாதங்களில் வாய்ப்பு அதிகம்."

இந்தத் தெரியாது என்ற சொல்லோடுதான் நான் இன்று வரை குடியிருக்கிறேன். வந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் மாப்பிள்ளையை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். வந்திருக்காது என்றால் விதி என்று விட்டிருக்கலாம். அவள் நேர்மையான பெண், இரண்டையும் எனக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவளுக்கு என்ன தெரியும், நேற்று முளைத்த பெண் என்றார். மறுநாள் காலையில் என் காலில் வட்டம் வரைய வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் பெட்டியையும் மிச்ச ஒட்டுகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். துணிப்பை அந்த வீட்டிலும் அலமாரிக்குள் போகவில்லை, கட்டிலடியில்தான் இருந்தது. தங்கச்சி தடுக்கவில்லை. வாசல் வரை வந்தாள், செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டையைக் குனிந்து மாட்டிவிட்டாள். இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன். காலைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

வேலை தவுக்கே சொல்லித்தான் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை. இத்தனை வருடம் குலை இறக்கிய அதே எண்ணெய் ஆலையில் வாசல் காவலாளி. ஒரு சின்ன அறை, மேசை, மின்விசிறி. லாரி வந்தால் பொத்தானை அழுத்தவேண்டும், தடுப்புக் கம்பு தானாக மேலே எழும், லாரி போனதும் இறங்கும். காவலாளிகளுக்குப் பின்பக்கம் ஓர் அறை உண்டு. படுக்கவும் அங்கேதான்.

கொஞ்ச நாள் முன்பு தவுக்கே புதிதாக ஒரு லாரி வாங்கினார். அதில் கிளட்ச் பெடலே இல்லை, கியர் தானாக மாறும், இடது காலுக்கு வேலையே கிடையாது என்று டிரைவர்கள் என் ஜன்னலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்காகத்தான் கண்டுபிடித்தார்கள் போலும் என்றேன். சிரித்தார்கள். என் கனரக வண்டி உரிமம் அதற்குள் காலாவதியாகிவிட்டது, பக்கவாதம் வந்தவனுக்கு அதைப் புதுப்பித்துக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த லாரியும் சா'ஆக்காரனுக்குத்தான் போயிற்று. என் பழைய லாரியை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான்.

மேசைக்கு அடியில் இன்னும் ஒட்டு ஒட்டிக்கொள்கிறேன். வட்டம் வரைய மெழுகுப் பென்சில் இல்லை, இடம் கைக்கே தெரிந்துவிட்டது. கரண்டு வரும் நொடியில் நானும் தூக்குகிறேன், வாய்க்குள்ளேயே அங்காட் என்று சொல்லிக்கொள்கிறேன். பிறகு அணைத்துவிட்டுத் தூக்குகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் முன்கால் சதையில் ஏதோ துடித்தது. பெருவிரல் கொஞ்சம் மேலே வந்தது, செருப்பு ரப்பரின் தடிமன் அளவுதான் இருக்கும். ஆஸ்பத்திரிப் பெண் கையை வைத்துப் பார்த்து, ஆமாம் என்றாள். அவள் முகம்தான் மலர்ந்தது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, இதைப் பார்க்கவேண்டியவர் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு எப்போதோ போய்விட்டார் என்பது மட்டும்தான்.

நேற்று மதியம் என் பழைய லாரி வந்தது. எஞ்சின் சத்தத்திலேயே தெரிந்துவிடும், இரண்டாவது கியருக்கு மாறும்போது ஒரு செருமல் செருமும். அது வளைவில் திரும்பி, கியர் இறக்க டிரைவர் கிளட்சை மிதிக்கும் இடம் வந்ததும், மேசைக்கு அடியில் என் இடது கால் சிமெண்டுத் தரையை மிதித்தது. நான் நினைக்கவில்லை. கரண்டும் இல்லை. முழுக்க, பெடல் அடிவரை போவதுபோல் மிதித்தது. மிதிக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்தினேன். கம்பு எழுந்தது, லாரி உள்ளே போயிற்று, டிரைவர் கையை உயர்த்தினான். கம்பு இறங்கியது. நான் குனிந்து, தரையை மிதித்தபடியே இருந்த காலைப் பார்த்து, அங்காட் என்றேன். அது மேலே வர நேரம் எடுத்தது.